தகப்பன் இல்லாத வீடும் வீட்டை விட்டுப் போகும் பிள்ளையும்

பத்தாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளையை நேற்று இரவிலிருந்து காணவில்லை என்று இலங்கையின் வடக்கே, வன்னியில், தருமபுரத்திலோ ஒட்டுசுட்டானிலோ ஒரு கதை கிளம்பினால், கேட்கிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "தகப்பன் இல்லையோ?" ஓம் என்றால் கதை அங்கேயே முடிந்துவிடும். தகப்பன் இருக்கிறார் என்றால், "அப்ப தாய் வெளிநாடோ?" அதுவும் இல்லையென்றால், "ஆர், அந்த இரண்டாந்தாரம் கட்டினவவின்ர பிள்ளையோ?"

மூன்று கேள்விகளும் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றியவை. அங்கே என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் தகப்பனை இழந்த வீடு இல்லாத ஒழுங்கையைக் காண்பது கடினம். அதனால் இந்தப் பேச்சு காணாமல்போன அந்த ஒரு பிள்ளையோடு நிற்பதில்லை. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போய்வரும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் மேலும், தனியாளாக நின்று அவர்களை வளர்த்தெடுத்த தாய்மாரின் மேலும் போய் விழுகிறது.

குடும்பம் எப்படி அமைந்திருக்கிறது என்பதற்கும் பதின்ம வயதினர் வீட்டை விட்டுப் போவதற்கும் தொடர்பு இருக்கிறதா? இருக்கிறது. அதை மூடி மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தொடர்பு ஊர் நினைக்கிற வழியில் வேலை செய்வதில்லை. அது வேலை செய்யும் வழியைப் புரிந்துகொண்டால், பிள்ளை போவதற்கு முன்னரே பார்க்கக்கூடிய அடையாளங்கள் பல தெரியவரும்.

எதை "வீட்டை விட்டு ஓடுதல்" என்கிறோம்?

18 வயதுக்குக் குறைந்த ஒருவர், தன்னை வளர்ப்பவர்களின் சம்மதம் இல்லாமல் ஓரிரவாவது வெளியே தங்கினால் அதை வீட்டை விட்டு ஓடுதல் என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ரியூஷன் முடிந்து ஊர் சுற்றிவிட்டு இரவு எட்டு மணிக்கு வந்து சேர்ந்த பிள்ளை இதற்குள் வராது. கோபித்துக்கொண்டு போய், வீட்டுக்குத் தெரியாமல் கூட்டாளி வீட்டில் படுத்த பிள்ளை இதற்குள் வரும்.

வன்னியில் இது பல வடிவங்களில் நடக்கிறது. கொழும்பில் கடை வேலை என்று யாரோ சொன்னதை நம்பி ஏ9 வீதியில் பஸ் ஏறுகிற பெடியன் ஒருவன். சிறுவர் இல்லத்திலிருந்து மதில் ஏறிக் குதித்துத் தாயைத் தேடி வருகிற பிள்ளை இன்னொருவர். அடிக்குப் பயந்து போனவர்கள் இருக்கிறார்கள். காதலித்தவனோடு போன பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தக் கடைசி வகையை ஊர் "ஓடிப்போய்க் கலியாணம் கட்டிவிட்டாள்" என்று சொல்லிக் கைகழுவி விடுவதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலங்கையின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18. 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையோடு உடலுறவு கொள்வது, அவள் சம்மதித்திருந்தாலும், சட்டத்தின் முன் பாலியல் வன்புணர்வுக் குற்றம். ஊருக்குக் கலியாணமாகத் தெரிவது அந்தப் பிள்ளைக்கு இழைக்கப்பட்ட குற்றமாக இருக்கக்கூடும்.

இன்னொரு கூட்டம் உண்டு. "இனி இந்தப் படலையைத் திறந்து வராதே" என்று சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள். இவர்களைத் துரத்தப்பட்ட பிள்ளைகள் என்று தனியாகக் குறிப்பதுண்டு. ஆனால் நடைமுறையில் ஓடியவரையும் துரத்தப்பட்டவரையும் பிரிப்பது இலகுவல்ல. தாய் "அவன் போனான்" என்பார், பிள்ளை "போகச் சொன்னவை" என்பான். அதனால்தான் அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு நிலவரத்தைப் பற்றிச் செய்த தேசிய ஆய்வு இரண்டு கூட்டத்தையும் சேர்த்தே எண்ணியது. ஏறத்தாழ 16 லட்சத்து 83 ஆயிரம் பிள்ளைகள் என்று வந்தது. அவர்களில் 68 வீதமானோர் 15 முதல் 17 வயதுக்குட்பட்டவர்கள். ஆணும் பெண்ணும் சரிபாதி. நான்கில் மூன்று பங்கினர் ஒரு கிழமைக்குள் திரும்பிவிட்டார்கள்.

அந்த எண்கள் அந்த நாட்டுக்குரியவை. எங்கள் ஊருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் அவை ஒரு விடயத்தை உணர்த்துகின்றன. வீட்டை விட்டுப் போகும் பெரும்பாலான பிள்ளைகள் நிரந்தரமாகப் போகவென்று கிளம்புவதில்லை. ஏதோ ஒன்றிலிருந்து சில நாட்கள் தள்ளி நிற்கத்தான் கிளம்புகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஓடுதல் என்பது பலவகை, பெரும்பாலும் குறுகிய காலம், 15 வயதுக்கு மேல்தான் கூடுதல். ஓடியதற்கும் துரத்தப்பட்டதற்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது.

குடும்ப அமைப்பு வேறு, குடும்பத்தின் நடப்பு வேறு

குடும்ப அமைப்பு என்பது ஒரு வீட்டில் யார் யார் வாழ்கிறார்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பது. பிரதேச செயலகத்துப் படிவத்தில் நிரப்பக்கூடிய தகவல் அது. தாயும் தகப்பனும் பிள்ளைகளும், தாய் மட்டும் (படிவத்தில் "பெண் தலைமைத்துவக் குடும்பம்"), அம்மம்மாவோடு வளரும் பிள்ளைகள், தாயும் தாயின் இரண்டாவது கணவரும், பெரியம்மா வீட்டில் நின்று படிக்கும் பிள்ளை என்று வரும்.

குடும்பத்தின் நடப்பு என்பது அந்த ஆட்களுக்கிடையில் நாளாந்தம் போய்வருவது. சாப்பிட்டாயா என்று கேட்பது, அடி, பேச்சுவார்த்தை இல்லாத மௌனம், யார் சொன்னால் பிள்ளை கேட்கும், பிள்ளைக்கு ஒன்று நடந்தால் யாரிடம் சொல்லும் என்பதெல்லாம் இதற்குள் அடங்கும். எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை. கட்டம் உள்ளதை எண்ணுவது இலகு. அதனால் எண்ணிக்கைகளில் அமைப்பு முன்னுக்கு நிற்கிறது, நடப்பு பின்னுக்குப் போய்விடுகிறது.

இரண்டும் எப்படித் தொடுக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க, இரணைமடுக் குளத்தின் கீழே சிறுபோகம் செய்யும் வயல்களை எடுத்துக்கொள்வோம். சிறுபோகத்தில் தண்ணீர் மட்டுமட்டு. கூட்டம் வைத்து, எத்தனை ஏக்கர் என்று முடிவுசெய்து, முறைவைத்துத் திறப்பார்கள். ஒரு புதிய ஆள் வந்து கருகிய வயல்களை மட்டும் எண்ணினால், வாய்க்காலின் தலைப்பில் உள்ள காணிகளைவிட வாய்க்காலின் கடைசியில் உள்ள காணிகள் கூடுதலாகக் கருகியிருப்பதைக் காண்பார். "கடைசிக் காணியென்றால் கருகும்" என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். எழுதிய எண்ணிக்கை சரி. ஆனால் கமக்காரனுக்குத் தெரியும், கருகியது தண்ணீர் வந்து சேராததால். வாய்க்கால் துப்புரவாக இருந்து, முறை பிசகாமல் திறந்து, இடையில் ஒருவரும் மடையை வெட்டாமல் விட்டால் கடைசிக் காணியும் விளையும். தலைப்பில் இருக்கிற காணியின் மடை அடைபட்டால் அதுவும் கருகும்.

காணி இருக்கும் இடமும் கருகலும் சேர்ந்து காணப்படுவதற்குத் தொடர்பு என்று பெயர். கருகலை உண்டாக்கியது தண்ணீர்ப் பற்றாக்குறை, அது காரணம். இடத்துக்கும் கருகலுக்கும் நடுவில் நின்று ஒன்றை மற்றதோடு இணைக்கும் அந்தத் தண்ணீர் போன்றதை இடைக்காரணி என்போம். குடும்ப அமைப்பு காணி இருக்கும் இடத்தைப் போன்றது. வீட்டுச் சண்டை, கவனிப்பு, நிலைமாற்றம், பணநெருக்கடி ஆகியவை இடைக்காரணிகள்.

பிரித்தானியாவில் சிறுவர்களுக்கான ஒரு பெரிய தொண்டு நிறுவனம் 1999 முதல் இந்த விடயத்தைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் 16 வயதுக்குக் குறைந்த ஏறத்தாழ ஒரு லட்சம் பிள்ளைகள் ஓரிரவாவது வீட்டை விட்டுப் போகிறார்கள் என்று அது கணித்தது. பெற்ற தாய் தகப்பன் இருவரோடும் வாழ்பவர்களைவிட ஒற்றைப் பெற்றோரோடு வாழ்பவர்களிடமும், மறுமணக் குடும்பத்தில் வாழ்பவர்களிடமும் ஓடுவது கூடுதலாகக் காணப்பட்டது. ஊர்ப்பேச்சு இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளும். ஆய்வு இன்னும் ஒரு படி போனது. வீட்டுக்குள் உறவு எப்படி, சண்டை எவ்வளவு என்று பார்த்தபோது, யார் வாழ்கிறார்கள் என்பதைவிட எப்படி வாழ்கிறார்கள் என்பதே கூடுதலாக விளக்கியது.

இரட்டிப்பு என்றால் எத்தனை பேர்?

"தாய் மட்டும் உள்ள வீடுகளில் இரண்டு மடங்கு" என்று ஒரு செய்தி வந்தால் அது பயங்கரமாகக் கேட்கும். ஒரு கற்பனைக் கிராமத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். இவை உண்மை எண்கள் அல்ல, கணக்கைப் புரிந்துகொள்ள நான் போட்டவை.

கிராமத்தில் பதின்ம வயதினர் 200 பேர். அவர்களில் 60 பேர் தாயோடு மட்டும் வாழ்கிறார்கள், 140 பேர் இரு பெற்றோரோடும். ஒரு வருடத்தில் முதல் கூட்டத்தில் 6 பேரும் இரண்டாவது கூட்டத்தில் 7 பேரும் வீட்டை விட்டுப் போனார்கள். முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 10, இரண்டாவதில் நூற்றுக்கு 5. ஆகவே இரண்டு மடங்கு என்பது சரி.

இனி அதே எண்களை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். தாயோடு மட்டும் வாழ்ந்த 60 பேரில் 54 பேர் எங்கும் போகவில்லை. போன 13 பேரில் 7 பேர், அதாவது பாதிக்கு மேல், தகப்பனும் தாயும் இருக்கும் வீட்டிலிருந்து போனவர்கள். "தகப்பன் இல்லையோ?" என்று மட்டும் கேட்கிற ஊர் அந்த 54 பேரைச் சந்தேகிக்கும், இந்த 7 பேரின் வீட்டை எட்டியும் பார்க்காது.

குற்றமாகவோ விதியாகவோ பார்க்கப்படும் இதற்குச் சரியான சொல் ஆபத்துக் காரணி. ஒன்று நடக்கும் வாய்ப்பைக் கூட்டுவது அது. நடந்தே தீரும் என்று அது சொல்லாது. அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் ஏறத்தாழ 1,400 குடும்பங்களை முப்பது ஆண்டு அளவில் பின்தொடர்ந்தார். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் கடுமையான பிரச்சினைகளோடு தடுமாறியவர்கள் நூற்றுக்கு 25 பேர் அளவில். பிரியாத குடும்பங்களில் நூற்றுக்கு 10 பேர் அளவில். வேறுபாடு பெரிதுதான். அதே நேரம் பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேர் நன்றாகவே வளர்ந்தார்கள். இரண்டு உண்மைகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளப் பழக வேண்டும்.

தகப்பன் இல்லாமை எல்லாம் ஒன்றல்ல

தகப்பன் வீட்டில் இல்லாததுதான் உண்மையான காரணமென்றால், அவர் இறந்திருந்தாலும் விட்டுவிட்டுப் போயிருந்தாலும் விளைவு ஒன்றாக இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் திமொத்தி பிப்லார்ஸ், கிரெக் கொட்டேனர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்தார்கள். கணவன் இறந்த தாயிடம் வளர்ந்தவர்களையும் மணமுறிவுக்குப் பின் தாயிடம் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். இரண்டு வீட்டிலும் தகப்பன் இல்லை. ஆனால் கல்வி, தொழில் போன்றவற்றில் முதல் கூட்டத்தினர் மேலான நிலையில் இருந்தார்கள். ஆள் இல்லாமல் போனதைவிட, அவர் போனவிதமும் அதற்கு முன்னும் பின்னும் வீட்டில் நடந்தவையும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த ஆதரவும் கூடுதலாக வேலை செய்கின்றன என்று அதை விளங்கிக்கொள்ளலாம்.

வன்னியில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்போது பதின்ம வயதில் இருப்போரில் மூத்தவர்கள் இடப்பெயர்விலோ செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலோ பிறந்தவர்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. இளையவர்கள் மீள்குடியேறிய பிறகு பிறந்தவர்கள். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தகப்பன் இல்லையென்றால் அவரைப் போர் கொண்டுபோயிருக்க முடியாது. விபத்து, நோய், கசிப்பு, வேறு குடும்பம், வேலைக்கென்று போனவர் திரும்பாதது என்று அங்கே வேறு கதை இருக்கும். "சண்டையில தகப்பனை இழந்த பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லி எல்லாரையும் ஒரு கணக்கில் சேர்க்கும்போது, அந்தப் பிள்ளையின் வீட்டில் இப்போது நடப்பது கண்ணில் படாமல் போகிறது.

போரின் கடைசி வருடங்களில், கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து தப்புவதற்காகப் பதினாறு, பதினேழு வயதில் கலியாணம் செய்துவைக்கப்பட்டவர்கள் பலர். அந்தத் தம்பதிகளில் சிலர் பின்னர் பிரிந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாத வயதில், பயத்தில் கட்டிய கலியாணங்கள் அவை. அந்தத் தாய்மார் இன்று முப்பதுகளின் நடுவில். மகள் அதே பதினாறில் ஒருவனோடு போனால், "தாயைப் போல" என்று சொல்கிற வாய்க்கு, அந்தத் தாயை அந்த வயதில் கலியாணத்துக்குள் தள்ளியது எது என்று தெரியாமல் இருக்காது.

மறுபடி சுருக்கினால்: அமைப்பு ஆபத்தைக் கூட்டலாம், ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் எந்த அமைப்பிலும் வீட்டில்தான் நிற்கிறார்கள். ஒரே அமைப்புக்குள்ளும் நிலைமைகள் வெவ்வேறு. அடுத்தது, உண்மையில் பிள்ளையைத் தள்ளுகிறவை எவை என்பது.

பிள்ளையைத் தள்ளுகிறவை

முதலாவது வன்முறை. அடி, பாலியல் துன்புறுத்தல், தினமும் கேட்கிற இழிவான பேச்சு. பல நாடுகளில் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப மேலே வருவது இதுதான். இது தாய் தகப்பன் சேர்ந்து வாழும் வீட்டிலும் நடக்கும். வெளியில் பார்க்க முழுமையான குடும்பம், உள்ளே குடிவெறியும் அடியும் என்றால், படிவத்தில் அந்த வீடு நல்ல பக்கத்தில்தான் பதிவாகும்.

இரண்டாவது நிலைமாற்றம். பிள்ளை யாரோடு வாழ்கிறது, யார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு நிலைமாற்றம். பவுலா ஃபொம்பி, ஆன்ட்ரூ செர்லின் என்ற சமூகவியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிப்பட்ட மாற்றங்களின் எண்ணிக்கை கூடக்கூடப் பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைகளும் கூடுவதைக் காட்டியது. எங்கள் ஊரில் ஒரு பிள்ளையின் வழியை யோசித்துப் பாருங்கள். தகப்பன் பிரிந்து போகிறார். தாய் நுண்கடன் கட்ட முடியாமல் குவைத்துக்குப் போகிறார். பிள்ளை அம்மம்மாவிடம். அம்மம்மாவுக்கு வருத்தம் வர, மாங்குளத்தில் பெரியம்மா வீடு. அங்கே மச்சான்மாரோடு சரிவரவில்லை, விடுதி. தாய் திரும்பி வந்து மறுமணம் செய்ய, மறுபடி வீடு. ஐந்து வருடத்துக்குள் ஐந்து வீடு, ஐந்து விதச் சட்டம், ஐந்து இடத்தில் புதுப் பிள்ளையாக நிற்பது. இதில் எந்த ஒரு வீடும் கெட்ட வீடாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் அன்போடுதான் ஏற்றிருப்பார்கள். ஆனாலும் பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை ஆறாவது இடத்துக்குத் தானாகவே கிளம்புகிறது. இதுவரை மற்றவர்கள் செய்த முடிவை இம்முறை தான் செய்கிறது என்பதுதான் வித்தியாசம். சிறுவர் இல்லங்களிலிருந்து ஓடும் பிள்ளைகளை விளங்கிக்கொள்ளவும் இது உதவும்.

தாய்மார் வெளிநாடு போவதை ஒழுங்குபடுத்திய விதிகளையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2013இலிருந்து 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போவது தடுக்கப்பட்டிருந்தது. 2022இல் அந்த வயது 2 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளை யார் பார்ப்பார் என்று காட்டினால் போதும். கைக்குழந்தைக்குத் தாய் வேண்டும் என்பதை எல்லாரும் ஒத்துக்கொள்கிறோம். பதினான்கு வயது வந்தவர் "வளர்ந்த பிள்ளை", தன்னைத் தான் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறோம். ஓடுவது கூடுகிற வயதோ அதற்கு அடுத்த வயது.

மூன்றாவது, வீட்டுக்குள் புதிதாக வருபவரின் அதிகாரம். மறுமணத்தில் பிரச்சினை பெரும்பாலும் இந்த இடத்தில் பிடிக்கிறது. தாயைக் கட்டி வந்து மூன்று மாதமான சித்தப்பா போனைப் பறிக்கிறார், கை நீட்டுகிறார். பிள்ளையின் மனதில் "நீங்கள் ஆர் எனக்கு அடிக்க?" என்ற கேள்வி எழுகிறது. பெற்ற தகப்பன் அதே வேலையைச் செய்திருந்தால் பிள்ளை அழுதுவிட்டுப் படுத்திருக்கும். உறவு ஊன்றுவதற்கு முன்னரே கண்டிப்பு வந்துவிட்டது. மறுமணக் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் பரவலாகச் சொல்லும் ஆலோசனை, முதல் ஒன்றிரண்டு வருடம் கண்டிக்கும் வேலையைப் பெற்ற தாயே வைத்திருக்க வேண்டும், புதியவர் முதலில் பிள்ளையோடு பழகட்டும் என்பது. மறுமணம் செய்த தாயை ஏசுவதைவிட இதை அவருக்குச் சொல்வது பலமடங்கு பிரயோசனம்.

பணநெருக்கடியைப் பற்றி நீட்டத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்தது. கடன்காரர் வாசலில் வந்து நிற்கும் வீட்டில் பிள்ளைக்குப் படிப்பு ஓடாது. ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய முதல் பஸ் ஏறி இருட்டின பிறகு வந்து இறங்கும் தாய்க்குப் பிள்ளையோடு பேச மிஞ்சுவது ஒரு மணித்தியாலம். ஒற்றைப் பெற்றோர் வீட்டில் காணப்படும் ஆபத்தில் கணிசமான பகுதி, உழைக்கும் கை ஒன்று குறைந்ததால் வருவது.

கண்காணிப்பு என்று நினைப்பதும் உண்மையில் நடப்பதும்

இதைக் கேட்டதும் பல பெற்றோர் செய்வது பிடியை இறுக்குவது. போனைச் சோதிப்பது, ரியூட்டரி வாசலில் காவல் நிற்பது, கூட்டாளிமாரை விசாரிப்பது. இதைப் பற்றி 2000ஆம் ஆண்டில் சுவீடனில் ஹாக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு பலரின் எண்ணத்தை மாற்றியது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் கேட்டார்கள். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு பழகுகிறது என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் பிரச்சினைகளில் குறைவாகவே மாட்டினார்கள். அது முன்னரே தெரிந்த விடயம். புதிதாகத் தெரியவந்தது, அந்தப் பெற்றோருக்கு எப்படித் தெரிந்தது என்பது. விசாரித்ததாலும் கட்டுப்படுத்தியதாலும் தெரிந்தது குறைவு. பிள்ளை தானாக வந்து சொன்னதால் தெரிந்ததே கூடுதல்.

பிள்ளை தானாகச் சொல்வதற்கு, சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கை வேண்டும். "ஒரு பெடியன் மெசேஜ் போடுறான் அம்மா" என்று மகள் சொன்ன அன்று அவளுக்கு என்ன கிடைத்ததோ, அடுத்த விடயத்தை அவள் சொல்வதும் மறைப்பதும் அதைப் பொறுத்தது. போனைப் பறித்து, பள்ளிக்கூடத்தை மறித்து, மாமாவைக் கூப்பிட்டு அடிப்பித்திருந்தால், அடுத்த தகவல் அவள் போன பிறகுதான் வீட்டுக்குக் கிடைக்கும். தனியாக வளர்க்கும் தாய்க்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பிள்ளை மனம்விட்டுச் சொல்வதற்கு வீட்டில் இரண்டு பெரியவர்கள் தேவையில்லை. ஒருவர் போதும். அது அம்மம்மாவாகவும் இருக்கலாம்.

திரும்பி வராதவருக்கு எந்தக் கட்டம்?

வன்னியில் ஒரு குடும்ப அமைப்பு இருக்கிறது, வெளிநாட்டு ஆய்வுகளின் பட்டியலில் அது பெரும்பாலும் வருவதில்லை. தகப்பன் இறந்ததாக உறுதியில்லை, பிரிந்து போகவும் இல்லை, காணாமலாக்கப்பட்டார். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய போராட்டத்தில் படங்களோடு அமர்ந்த தாய்மாரையும் மனைவிமாரையும் எல்லாரும் அறிவோம். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் உருவாக்கப்பட்டது. வீடுகளில் நிலைமை அப்படியே நிற்கிறது.

குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்கரான பவுலின் போஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். ஆள் இல்லை, ஆனால் இல்லை என்று முடிவுகட்டவும் முடியாத நிலை. இறந்தவருக்கு அந்தியேட்டி செய்து அழுது முடிக்கலாம். காணாமலாக்கப்பட்டவருக்கு அதைச் செய்தால் துரோகம் போலிருக்கும். இதனால் குடும்பத்துக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்ற எல்லையே குழம்பிவிடுகிறது.

இந்த வீட்டில் வளரும் பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? அண்ணன்மார் அக்காமாரின் கதைகளில் மட்டும் கண்ட தகப்பன் அவர். தாய் ஒவ்வொரு முறையும் "அப்பா வந்து கேட்டால் என்ன சொல்லுவன்?" என்று கண்டிக்கிறார். பிள்ளையைக் கண்டிக்கும் அதிகாரம் வீட்டில் இல்லாத ஒருவரிடம் இருக்கிறது. தாய் கூட்டத்துக்கும் கச்சேரிக்கும் போராட்டப் பந்தலுக்கும் போகிறார். போக வேண்டியிருக்கிறது, அதில் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. அந்த நேரங்களில் பிள்ளை தன் சின்னத் துயரை, பரீட்சைப் பயத்தை, பள்ளிக்கூடத்தில் கேட்ட பகிடியை, அம்மாவின் பெருந்துயருக்குப் பக்கத்தில் வைக்கக் கூச்சப்பட்டு விழுங்கிக்கொள்கிறது. சொல்லப்படாமல் சேர்கிறவை அவை. அந்தத் தாய் மறுமணம் செய்தால், மற்ற வீடுகளில் ஒரு கலியாணமாக இருப்பது இங்கே, அப்பா இனி வரமாட்டார் என்று அறிவிப்பது போலாகிவிடுகிறது. பிள்ளை சித்தப்பாவை வெறுப்பதற்கு அவர் ஒரு பிழையும் செய்திருக்கத் தேவையில்லை.

இந்த வீட்டை "தாய் மட்டும் உள்ள குடும்பம்" என்ற கட்டத்துக்குள் போட்டால், அங்கே உண்மையில் பிள்ளையை அழுத்துவது என்ன என்று ஒருநாளும் தெரியவராது. போஸ் சொல்லும் வழி, இழப்புக்கு முடிவு தேடுவதை விட்டு, "அவர் இல்லாமலும் இருக்கலாம், வரவும் கூடும்" என்ற இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு அன்றாட வாழ்க்கையை நடத்தப் பழகுவது. பிள்ளையோடு இதைத் திறந்து பேசுவதே பெரிய ஆறுதல். தகப்பனைப் பற்றிப் பேசத் தடையில்லாத வீட்டில் பிள்ளை மற்ற விடயங்களையும் பேசும்.

பிள்ளையைக் காணவில்லை என்றால்

ஒருநாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம். உடனே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். அங்கே சிறுவர், பெண்கள் விடயங்களைப் பார்க்கும் பிரிவைக் கேளுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். மானம் போய்விடும் என்று மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. 15 வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர் 25 வயதுக்காரராக இருந்தால், குடும்பங்கள் பேசி முடித்துக்கொள்ளும் விடயமில்லை அது.

திரும்பி வந்தால், முதல் நாளில் விசாரணை வேண்டாம். குளிக்க, சாப்பிட, படுக்க விடுங்கள். உடம்பில் காயமோ துன்புறுத்தலின் அறிகுறியோ இருந்தால் மட்டும் உடனே வைத்தியசாலை. இங்கிலாந்தில், காணாமல்போய்த் திரும்பிய பிள்ளையோடு 72 மணித்தியாலத்துக்குள் வீட்டாரல்லாத ஒருவர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்று அரசின் வழிகாட்டல் இருக்கிறது. வீட்டிலிருந்துதான் ஓடியிருக்கிறது என்றால் வீட்டாரிடம் காரணத்தைச் சொல்லாது என்பதுதான் அதன் பின்னுள்ள நியாயம். எங்களிடமும் அதைச் செய்யக்கூடியவர்கள் இருக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியர். பிள்ளை நம்பும் மாமியோ மாமாவோ இருந்தால் அவர்.

பேசுகிறவர் "ஏன் போனாய்?" என்று தொடங்கினால் பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். போன அன்று காலையிலிருந்து என்ன நடந்தது என்று நேர ஒழுங்கில் கேட்பது நல்லது. வீட்டில் எந்த நேரம் இருக்கப் பயமாக இருக்கிறது, யார் வீட்டில் இருந்தால், யார் இல்லாவிட்டால் என்று கேளுங்கள். போன இடத்தில் யார் சாப்பாடு தந்தது, பதிலுக்கு ஏதாவது கேட்டார்களா என்று கேளுங்கள். கடைசியாக, அடுத்த முறை போகவேண்டும் போலிருந்தால் முதலில் யாருக்குப் போன் எடுப்பாய் என்று கேட்டு, பிள்ளை சொல்லும் பெயரையும் இலக்கத்தையும் அதன் கையாலேயே எழுதுவித்து, அந்த ஆளிடமும் அன்றைக்கே சொல்லிவையுங்கள்.